அண்ணாச்சியின் டிரங்குப் பெட்டி

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படித்துக்கொள்ளுங்கள். இயற்பியல் வாத்தியார் வரலாறு எழுதலாமா என்று வரலாறு படித்த பையன்கள் கேட்பீர்கள். இது பூபதிகளின் வரலாறு இல்லை, சாமான்களின் வரலாறு. அதனால் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

எழுதத் தூண்டியது ஒரு போன். 90-களில் என்னிடம் பிளஸ் டூ படித்த பெண், இப்போது வெளியூரில் ஒரு மருத்துவமனையில் கருவிகள் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருக்கிறாள். பச்சைப் பிள்ளைகளை வைக்கிற இன்குபேட்டர் பெட்டி அங்கே ஆறு இருக்கிறதாம். வாங்கிப் பன்னிரண்டு வருஷம். அதில் இரண்டு பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டில் ஒரே சிப் போய்விட்டது. பெட்டி செய்த கம்பெனியைக் கேட்டால், "அந்த சிப் வருவதை நிறுத்திவிட்டார்கள், புதுப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில். இணையத்தில் ஒரு வியாபாரி அதே நம்பர் போட்ட சிப்பை, "ஒரிஜினல், புது ஸ்டாக், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம்" என்று சல்லிசான விலைக்குப் போட்டிருக்கிறான். நிர்வாகம் பத்து வாங்கச் சொல்கிறது.

"சார், வாங்கலாமா? உங்களுக்கு அண்ணாச்சி கடை ஞாபகம் இருக்கும்ல, அதான் கேட்டேன்" என்றாள்.

ஞாபகம் இருக்காதா? அவள் கேட்டதற்கு போனில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவிலுக்கு வேலைக்கு வந்தது 1979-ல். கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. உரிமையாளர் பெயரை எழுத வேண்டாம், பிள்ளைகள் விரும்பமாட்டார்கள். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் நான் பட்டப்படிப்பில் படித்த மின்னணுவியலைவிட அந்த ஸ்டூலில் உட்கார்ந்து படித்தது அதிகம்.

அந்தக் கடையின் மேல் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிற பெட்டி. திறந்தால் உள்ளே வைக்கோலும் பழைய தினத்தந்தித் தாளும், அவற்றுக்கு நடுவே வரிசையாக ரேடியோ வால்வுகள். கண்ணாடிக் குமிழுக்குள் கம்பி வலை வைத்த சாமான். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். போட்டதும் சூடேற அரை நிமிஷம் எடுக்கும், பிறகு செவ்வொளி தெரியும், அதற்கப்புறம்தான் இலங்கை வானொலி பேசும். நம் பக்கத்தில் வானொலி என்றால் முதலில் இலங்கைதான். திருநெல்வேலியில் நிலையம் வந்தது 1963-ல்.

வால்வுகள் முதலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. பெங்களூரில் 1954-ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் இங்கேயே வால்வு செய்ய ஆரம்பித்தது. அடுத்த வருஷமே, 1962-ல், அதே நிறுவனம் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் செய்யத் தொடங்கிவிட்டது. அதாவது வால்வு நம் நாட்டில் பிறந்த மறுவருஷமே அதற்கு எமன் பக்கத்துக் கட்டிடத்தில் பிறந்துவிட்டான். டிரான்சிஸ்டரை அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் 1947-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. இங்கே அது தெருவுக்கு வந்து சேரப் பத்துப் பதினைந்து வருஷம் பிடித்தது.

எல்லாரும் டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், பெரிய ஊர்க் கடைகளில் வால்வைக் கழித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அண்ணாச்சி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய் வால்வாக வாங்கிச் சேர்த்தார். மதினியின் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது. ஊரே சிரித்தது. மதினி சிரிக்கவில்லை, மூன்று மாதம் பேசவில்லை.

அவரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், கம்பெனிக்காரன் நிறுத்தப்போறான்னு தெரிஞ்சா அன்னைக்கே வாங்கிறணும். எல்லாவனும் தேடும்போது நாமளும் தேடுனா ஏமாந்துதான் போவோம். சரக்கு இல்லாத எடத்துல எவன் சரக்கு இருக்குன்னு சொல்லுதானோ, அவன்ட்டதான் சூதானமா இருக்கணும்."

உண்மைதான். எண்பதுகளில் வால்வு தேடியவர்களுக்கு நகரத்துக் கடைகளில் கிடைத்தவை பல, வேறு நம்பர் வால்வின் எழுத்தை அழித்துவிட்டுப் புது நம்பர் அச்சடித்தவை. கண்ணாடியில் இருக்கும் எழுத்து விரலால் தேய்த்தாலே போய்விடும். அழிப்பதும் சுலபம், அடிப்பதும் சுலபம். பெரிய வால்வு ரேடியோவை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்த ராஜபாளையம், புளியங்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் கடைசியில் இந்த டிரங்குப் பெட்டியைத் தேடி வந்தார்கள். வளையல் மீண்டது. கூடவே ஒரு சங்கிலியும் வந்தது என்று மதினியே பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த அறிவை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டும் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடித் தபசு. நான் வேலை பார்த்த பள்ளியின் ஆம்ப்ளிஃபயரைத் தபசு அன்று காணாமல்போன பிள்ளைகளை அறிவிக்கும் பந்தலுக்குக் கொடுப்பது வழக்கம். ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு பேட்டரி. எங்கள் சாரணர் பையன்கள் சுற்றி நிற்பார்கள். தபசுக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அம்மன் தபசுக் காட்சிக்கு வருகிற நேரத்தில் ரத வீதியில் ஆள் நடக்கமாட்டார், ஆளை நடத்திக்கொண்டு போகும்.

தபசுக்கு ஒரு மாதம் முன்னால் அந்த ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் நான்கும் போய்விட்டன. 2என்3055 என்று ஒரு ரகம். மைக் செட் வைத்திருந்தவர்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. என்ற கம்பெனி அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. தட்டையான இரும்புத் தொப்பி மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் திருகு போட ஓட்டை. கணக்குப்படி 15 ஆம்பியர் தாங்கும். உலகத்திலேயே அதிகம் விற்ற பவர் டிரான்சிஸ்டர்களில் ஒன்று. அதனாலேயே உலகத்தில் அதிகம் போலி செய்யப்பட்டவற்றிலும் ஒன்று.

அண்ணாச்சி ஒரு விலை சொன்னார். அரசு விதிப்படி மூன்று கொட்டேஷன் வாங்கவேண்டும். பெரிய ஊரில் ஒரு கடை அதில் பாதி விலை போட்டிருந்தது. குறைந்த விலைக்குத்தான் கையெழுத்துப் போடவேண்டும், போட்டேன். நம்பர் ஒன்று, முத்திரை ஒன்று, பளபளப்பு அண்ணாச்சி காட்டியதைவிட ஜாஸ்தி. அவர் கையில் வாங்கி எடை பார்த்தார். "சார், இது வெயிட்டு பத்தலியே" என்றார். நான், "தணிக்கைக்காரன் எடையைப் பாக்கமாட்டான் அண்ணாச்சி, பில்லைத்தான் பாப்பான்" என்று சொன்னேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அப்போது நினைப்பு.

ஆடித் தபசு அன்று சாயந்திரம் ஐந்தரை இருக்கும். ஆம்ப்ளிஃபயர் ஒரு உறுமல் உறுமிவிட்டுச் செத்துப்போனது. பந்தலில் அப்போது நான்கு பிள்ளைகள், வெளியே பிள்ளையைத் தேடுகிற தாய் தகப்பன் எத்தனை பேரோ. அடுத்த ஒன்றரை மணி நேரம் சாரணர் பையன்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வீதியில் கத்திக்கொண்டே போனார்கள். திருவேங்கடம் பக்கத்து ஒரு தாய் பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவள் பிள்ளை ஐந்து மணிக்கே பந்தலுக்கு வந்துவிட்டது. ஒலிபெருக்கி பேசியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கவேண்டிய விஷயம். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு பிள்ளைகளும் வீடு சேர்ந்தார்கள். ஆனால் அவள் உட்கார்ந்த அந்த மாதிரி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் அண்ணாச்சி கடையில் வைத்து அந்தத் தொப்பியை ஹாக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தோம். பக்கத்திலேயே ஒரு நல்ல பழைய டிரான்சிஸ்டரையும் அறுத்தார். நல்லதில் உள்ளே ஒரு சிலிக்கான் துண்டு, துவரம்பருப்பு அளவு, தடித்த அடித்தகட்டின் மேல் பதிந்திருந்தது. நான் வாங்கியதில் கடுகு அளவுத் துண்டு, அடியில் சன்னமான தகடு. சின்ன வேலை செய்கிற சின்ன டிரான்சிஸ்டரைப் பெரிய தொப்பிக்குள் வைத்து நம்பர் அடித்திருக்கிறார்கள். மெதுவாகப் பாடினால் பாடும். கத்தச் சொன்னால் செத்துப்போகும். ஒரு மாதம் பள்ளியில் காலை வழிபாட்டுக்கு ஒழுங்காகப் பேசியது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, சின்ன ஊர், சின்னச் சாமான், ஏமாந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 2002-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா பழைய சிப் தேடி இபே என்ற இணைய ஏலச் சந்தையில் அலைந்தது. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவியில் இன்டெல் 8086 என்ற சிப் இருந்தது. இன்டெல் அதை வெளியிட்டது 1978-ல். ஓடம் முதலில் பறந்தது 1981-ல். அதற்குள் கம்ப்யூட்டர் உலகம் பல தலைமுறை தாண்டிப் போய்விட்டது. ஓடம் 2011 வரை பறந்தது. ஆகவே பழைய மருத்துவக் கருவிகளை மொத்தமாக வாங்கி, பிரித்து, சிப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பியவர்களுக்கே அந்த நிலைமை.

இதன் காரணம் எளிது. ஒரு விமானம் முப்பது நாற்பது வருஷம் பறக்கிறது. நம் விமானப்படையின் மிக்-21 ரகம் 1963-ல் வந்து 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. சிப் செய்கிறவனுக்கோ செல்போன்தான் வாடிக்கையாளர், அவனுக்கு நாலைந்து வருஷம் ஒரு யுகம். ராணுவமும் மருத்துவமனையும் ரயில்வேயும் வருஷத்துக்கு நூறு இருநூறு கேட்டால் அதற்காக அவன் தொழிற்சாலையை ஓட்டமாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. இயந்திரத்தின் ஆயுள் ஒரு பக்கம், அதன் உறுப்பின் ஆயுள் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் விழுகிற அந்த இடைவெளியில்தான் போலிக்காரன் கடை போடுகிறான்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உலகம் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர் குப்பை சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஷாந்தோ வட்டாரத்தில் போய்க் குவிந்தது. போர்டை அடுப்பில் வாட்டுவார்கள், ஈயம் இளகும், சிப்பைத் தட்டி எடுப்பார்கள். கழுவி, வெயிலில் காயவைத்து, மேலே இருக்கும் பழைய எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, வேண்டிய நம்பரையும் வேண்டிய தேதியையும் அடிப்பார்கள். அண்ணாச்சி காலத்து வால்வு வித்தையேதான், அளவுதான் பெரிது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த சிப் எல்லாமே உடனே சாவதில்லை. சில வேலை செய்யும். சோதனையில் தேறிவிடும். வெப்பமும் குளிரும் அதிர்ச்சியும் வரும்போது, கத்தச் சொல்லும்போது, போய்விடும்.

அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு இதை விசாரித்தது. 2011 நவம்பரில் சாட்சி விசாரணை, 2012 மே மாதம் அறிக்கை. 2009, 2010 என்ற இரண்டு வருஷத்தில் மட்டும் சுமார் 1,800 சம்பவங்கள், மொத்தம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சந்தேகப் பாகங்கள். அதில் ஒரு கதை. பி-8ஏ என்ற கடற்படைக் கண்காணிப்பு விமானத்தில் இறக்கையில் பனி உறைவதைக் கண்டுபிடிக்கும் கருவி 2009 டிசம்பரில் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால், முக்கியமான சிப் சாக்கெட்டிலிருந்து கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. பழைய சிப்பைத் தேய்த்துப் புதிதாக்கி விற்றிருக்கிறார்கள். அதே குடும்பத்து பி-8ஐ விமானங்கள் 2013-லிருந்து நம் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருக்கின்றன. நம்முடையவற்றில் போலி இருந்தது என்று நான் சொல்லவில்லை. இது எங்கோ தூரத்துக் கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சி-130ஜே சரக்கு விமானத்தின் காட்சித் திரையிலும் இதே கதைதான். விமானிக்கு என்ஜின் நிலையையும் எரிபொருளையும் காட்டுகிற திரை அது. பத்து வருஷத்துக்கு முன்னால் பயன்படுத்திக் கழித்த நினைவக சிப்பைப் புதுசென்று விற்றிருந்தார்கள். திரை பழுதாகும் விகிதம் 8.5 சதவீதத்திலிருந்து 27 சதவீதத்துக்கு ஏறியபோதுதான் சந்தேகம் வந்தது.

எனக்கு அந்த விசாரணையில் மிகவும் பிடித்த பகுதி வேறு. அரசின் தணிக்கை அமைப்பு ஒரு பொய்க் கம்பெனி தொடங்கி, இணையத்தில் சிப் வாங்குகிற மாதிரி நடித்தது. மொத்தம் 16 வாங்கினார்கள். சிலவற்றுக்கு உற்பத்தி நின்றுபோன அரிய நம்பரைக் கேட்டார்கள். சிலவற்றுக்கு, உற்பத்தி நின்ற தேதிக்குப் பிறகு செய்ததாகத் தேதி போட்டது வேண்டும் என்றார்கள். இந்த இரண்டு வகையிலும் வந்து சேர்ந்த 12-ம் சந்தேகத்துக்குரியவை. மிச்சம் நான்குக்கு, உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யாத நம்பரைச் சும்மா கற்பனையாக எழுதிக் கேட்டார்கள். அதுவும் வந்தது! இல்லாத சாமானுக்கும் ஸ்டாக் இருந்தது. அண்ணாச்சி இருந்தால் மேசையில் தட்டிச் சிரித்திருப்பார். "சரக்கு இல்லாத எடத்துல எவன் இருக்குன்னு சொல்லுதானோ..."

இனி நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். இதில் பெருமையும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது.

போஃபர்ஸ் என்றால் நம் தலைமுறைக்கு ஊழல் மட்டும்தான் ஞாபகம் வரும். 1986 மார்ச்சில் ஸ்வீடனிடம் 410 பீரங்கி வாங்க ஒப்பந்தம். மறுவருஷம் லஞ்சச் செய்தி வெடித்தது. கம்பெனியோடு வியாபாரமே கூடாது என்று ஆனது. சரி, தண்டிக்கவேண்டியதுதான். ஆனால் பீரங்கிக்கு உதிரிபாகம்? அதையும் சேர்த்து நிறுத்திக்கொண்டோம். 1999-ல் கார்கிலில் அந்தப் பீரங்கிதான் மலையுச்சியில் காப்பாற்றியது. அப்போது உதிரிபாகத் தட்டுப்பாட்டால் ஒரு பீரங்கியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடவேண்டிய நிலை. அந்த நாட்களில் என் மாணவர்கள் மூன்று பேர் அந்தப் பனிமலையில் இருந்தார்கள். அவர்கள் இதைப் படிக்கிறார்கள், நான் அதிகம் எழுத வேண்டாம்.

ஆனால் 1986 ஒப்பந்தத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. பீரங்கியின் வரைபடங்களும் செய்முறை ஆவணங்களும் ஒப்பந்தப்படி நம்மிடம் வந்திருந்தன. பல வருஷம் அலமாரியில் தூங்கிய அந்தக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் தனுஷ் பீரங்கியைச் செய்தார்கள். 2019 ஏப்ரலில் முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்திடம் போயின. சாமானைச் சேர்த்து வைப்பது ஒரு வழி என்றால், சாமான் செய்கிற வித்தையைச் சேர்த்து வைப்பது அதைவிடப் பெரிய டிரங்குப் பெட்டி.

வெட்கம் எங்கே என்றால், அதே தனுஷில்தான். 2017 ஜூலையில் சி.பி.ஐ. ஒரு வழக்குப் பதிவு செய்தது. அந்தப் பீரங்கிக்கு வாங்கிய முக்கியமான பேரிங்குகள் சீனாவில் செய்தவை, அவற்றில் 'ஜெர்மனியில் செய்தது' என்று முத்திரையிட்டு டெல்லி வியாபாரி கொடுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அந்த வித்தியாசத்தை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குறைந்த விலைக்குத்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்கிற நம் கொள்முதல் வழக்கத்தை, ஆடித் தபசு முடிந்த மறுநாளிலிருந்து நான் நம்புவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு, செலவு பிடித்த வழி. நாமே செய்துகொள்வது. பஞ்சாபில் மொகாலியில் மத்திய அரசின் சிப் தொழிற்சாலை 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அன்றைய உலகத் தரத்துக்கு ரொம்பவும் பின்தங்கியது இல்லை. 1989 பிப்ரவரி 7-ஆம் தேதி அது தீப்பிடித்து எரிந்தது. மறுபடி எழுந்து உற்பத்திக்கு வர 1997 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷத்தில் தைவானும் கொரியாவும் எங்கேயோ போய்விட்டன. இந்த நாட்டில் எத்தனையோ தீ விபத்துகள். எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

2006-ல் அந்த ஆய்வகம் விண்வெளித் துறையின்கீழ் வந்தது. அங்கே இப்போது இருப்பது 180 நானோமீட்டர் தொழில்நுட்பம். உங்கள் கையில் இருக்கும் போனின் சிப்போடு ஒப்பிட்டால் அது மாட்டுவண்டி. ஆனால் இஸ்ரோவுக்கு மாட்டுவண்டிதான் தேவை. சாலை அப்படி. ராக்கெட்டை நடத்தும் கம்ப்யூட்டரில் 2009-லிருந்து விக்ரம் 1601 என்ற நாமே வடிவமைத்த 16 பிட் செயலி இருக்கிறது. 2016-ல் அதை மொகாலியிலேயே செய்து போட ஆரம்பித்தார்கள். அதன் அண்ணன், 32 பிட் விக்ரம் 3201, பி.எஸ்.எல்.வி. சி-60 பயணத்தில் 2024 டிசம்பர் கடைசியில் விண்வெளியில் சோதிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் இஸ்ரோவின் கைக்கு வந்தது. நம் மகேந்திரகிரியில் என்ஜின் உறுமும்போது பணகுடிப் பக்கத்து ஜன்னல் அதிர்வதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த என்ஜினுக்கு எப்போது எரி, எப்போது நில் என்று சொல்கிற சிப் நம்முடையது என்பதும் அதே அளவு பெரிய விஷயம். அது வேகமாக இருக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. அதை நிறுத்தும் தேதியை வேறு எந்த ஊர்க் கம்பெனியும் தீர்மானிக்க முடியாது என்பதே முதல் விஷயம்.

ஆனால் ஒரு மருத்துவமனையால் சிப் தொழிற்சாலை கட்ட முடியாது. மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன்.

அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "நிறுத்தப்போறோம்னு அறிவிப்பு வந்திருக்குமே, அது யார் மேசைக்கு வந்தது?" என்பது. நல்ல கம்பெனிகள் ஒரு சிப்பைச் சொல்லாமல் நிறுத்துவதில்லை. கடைசி ஆர்டர் கொடுக்கப் பொதுவாக ஆறு மாதம், கடைசிச் சரக்கு எடுக்க ஒரு வருஷம் என்று அவகாசம் தருவார்கள். தேடிப் பார்த்தாள். அறிவிப்பு ஐந்து வருஷம் முன்னால் வெளியானது. இன்குபேட்டர் செய்த கம்பெனிக்கு அது தெரிந்திருக்கும். மருத்துவமனைக்கு யாரும் சொல்லவில்லை, மருத்துவமனையிலும் யாரும் கேட்கவில்லை. ஆறு பெட்டிக்கு அன்றைக்குப் பத்து சிப் வாங்கி வைத்திருந்தால் ஒரு மாதச் சம்பளம்கூட ஆகியிருக்காது.

இரண்டாவது, மூலக் கம்பெனியிடமிருந்து உரிமையும் மிச்சச் சரக்கும் வாங்கி, நின்றுபோன சிப்களை முறைப்படி தொடர்ந்து விற்கிற, சிலதைத் திரும்பச் செய்தும் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ராச்செஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் 1981-லிருந்து இதையே தொழிலாகச் செய்கிறது. அப்படி ஓர் இடத்தில் இவளுக்கு வேண்டிய சிப் இருந்தது. விலை அந்த இணைய வியாபாரியைப் போல எட்டு மடங்கு, வர மூன்று மாதம். அதுவரை அந்த இரண்டு பெட்டியையும் வார்டைவிட்டு வெளியே வைத்துவிடு என்றேன். "சார், சூடு கூடினா தானா அணைக்கிற தனி சுவிட்ச் இருக்கு" என்றாள். இருக்கட்டும் அம்மா, சூடு குறைந்தால்?

நிர்வாகம் இதற்குள் அந்தப் பத்தையும் வாங்கிவிட்டது. சல்லிசு, பில் இருக்கிறது, தணிக்கைக்காரன் எதையும் கேட்கமாட்டான். (யார் பேசினது மாதிரி இருக்கிறது?) சரக்கு வந்த அன்று அவள் இரண்டு காரியம் செய்தாள். முதலில் சிப்பின் மேலிருந்த தேதிக் குறியைப் படித்தாள். கம்பெனி உற்பத்தியை நிறுத்தி இரண்டு வருஷம் கழித்து அது பிறந்ததாக எழுதியிருந்தது. அப்புறம் பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே தேய்த்து எனக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். பஞ்சு கறுப்பு. அந்தக் கறுப்புக்கு அடியில் உப்புத்தாள் கோடுகள், ஒரே திசையில், நன்றாகத் தெரிந்தன. கெட்டிக்காரப் போலி அசிட்டோனுக்கு அசையாது, எக்ஸ்ரேயில்தான் மாட்டும். இது அவ்வளவு கெட்டிக்காரப் போலிகூட இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போயிருக்கிறாள். எட்டு மடங்கு விலைக்குக் கையெழுத்து விழுந்தது. மீதி நான்கு பெட்டிக்கும் சேர்த்து, வருஷத்துக்கு ஒருமுறை எந்தெந்தச் சாமான் நிற்கப்போகிறது என்று பார்க்கப் பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்களாம். பட்டியலை அவளே எழுதுகிறாள்.

அந்தப் பத்தைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிடலாம் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திருப்பி அனுப்பினால் அடுத்த ஊர் மருத்துவமனைக்கு அதே டப்பா போகும். ஒரு கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் 'போலி' என்று எழுதி, அலமாரியில் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள்.